பேராதனைப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்: மலையகப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

வணக்கம்.

அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் இந்த மடலை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நானும் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்தான். கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். பிள்ளைகளைக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போவதென்றால் அன்றைக்கு அங்கே மட்டும் போங்கள். காலையில் உள்ளே போனால் பின்னேரம்தான் வெளியே வரவேண்டும்.

நம்முடைய சுற்றுலா வழக்கமாக எப்படி நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன்னே தோட்டத்துச் சந்தியில் பஸ் நிற்கும். தலதா மாளிகை, பேராதனை, பின்னவல யானைகள், முடிந்தால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் திணித்திருப்போம். பேராதனைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். வாசலில் குழுப்படம், ஓர்கிட் வீட்டுக்குள் ஒரு சுற்று, தொங்குபாலத்தில் ஒரு நடை, புல்வெளியில் சோற்றுப் பார்சல். அப்புறம் "ஏறுங்க, ஏறுங்க, நேரம் போகுது" என்று பஸ்ஸுக்கு விரட்டுகிறோம். 147 ஏக்கர் பூங்கா. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள். மகாவலி வளைத்துக்கொண்டு ஓடும் நிலம். அதிலே பிள்ளை பார்த்துவிட்டு வருவது பாலத்தையும் சில பூக்களையும்தான்.

அந்தப் பயணத்துக்கான காசு எங்கேயிருந்து வருகிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற வீட்டிலிருந்து வருகிறது. சுற்றுலாக் காசைக் கட்ட முடியாமல் அன்றைக்குப் பாடசாலைக்கே வராமல் நின்றுவிடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில் பாதியைப் பஸ்ஸின் டீசலுக்கே கொடுத்து, ஓர் இடத்தையும் ஒழுங்காகப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசுக்குப் பொறுக்கவில்லை.

சரி, ஏன் பேராதனை? பூவும் புல்வெளியும் அழகு என்பதற்காக நான் கேட்கவில்லை. நம்முடைய பிள்ளைகளின் வரலாறு தொடங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. பாடப்புத்தகத்தில் ஓரிரு வரியில் முடிந்துபோகிற கதை அங்கே மரமாக நிற்கிறது.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஆறே ஆண்டுகளில், 1821இல், அலெக்ஸாண்டர் மூன் என்பவர் பேராதனையில் இந்தப் பூங்காவை அமைத்தார். அதற்கு முன்னால் அது அரசர்களின் தோட்டமாக இருந்த நிலம். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில் அது அரச பூங்கா. பூங்கா அமைந்து சில ஆண்டுகளிலேயே கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். தென்னிந்தியாவிலிருந்து நம்முடைய ஆட்கள், ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிமாரின் பின்னால் கூட்டம் கூட்டமாக நடந்து வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 1823ஐக் கணக்கில் வைத்துத்தான் 2023இல் "மலையகம் 200" என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அந்த நடையைப் பற்றி வகுப்பில் பேசிய ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். பூங்காவின் வயதும் நம்முடைய மலைநாட்டு வாழ்க்கையின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

இன்னொன்று. அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக வந்தாலும் சரி, நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவ வழியாக இறங்கினாலும் சரி, நம்முடைய பஸ் கம்பளையைத் தாண்டித்தான் பேராதனைக்கு வரவேண்டும். பஸ்ஸில் போடுகிற பாட்டை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, "இந்தப் பக்கத்தில்தான் முதல் கோப்பித் தோட்டங்களில் ஒன்று இருந்தது" என்று சொல்லலாம். பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரையைக் காட்டுங்கள். அது கன்னொறுவை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தனக்கென்று கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். நாட்டை ஆண்டவரே தோட்டக்காரராகவும் இருந்தார் என்பதை அந்தக் கரையில் வைத்துச் சொன்னால், காணியும் சட்டமும் ஏன் அப்படி அமைந்தன என்று தரம் 10 பிள்ளைக்கு விளங்கிவிடும்.

பூங்கா அந்தக் காலத்தில் வேடிக்கை பார்க்கிற இடமாக இருக்கவில்லை. எந்தப் பயிர் இந்த மலைகளில் காசு தரும் என்று நட்டுப் பார்த்த இடம் அது. 1824இல் சீனத்திலிருந்து தேயிலைச் செடி அங்கே வந்தது. 1839இல் அசாம் தேயிலை விதை வந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பிதான் எல்லோர் கண்ணிலும் இருந்தது. 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலையில் இன்னொரு பூங்கா திறந்தார்கள், சிங்கோனா வளர்ப்பதற்காக. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 1876இல் பிரேசிலில் சேகரித்த இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைக்க வைத்து, ஏறத்தாழ 1,900 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். அவை கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. கோப்பி, சிங்கோனா, தேயிலை, இறப்பர்: நம்முடைய மூதாதையர் முதுகில் சுமந்த பயிர்கள் ஒவ்வொன்றின் கதையிலும் இந்தப் பூங்காக்களுக்குப் பங்கு உண்டு.

கோப்பி எப்படி அழிந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பேராதனை வரைகூடப் போகத் தேவையில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் வேலியோரத்தில் ஒன்றிரண்டு கோப்பி மரம் பல வீடுகளில் நிற்கிறது. சுற்றுலாவுக்கு முந்திய வாரம் பிள்ளைகளை அந்த இலைகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சில இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாகப் பொட்டுகள் இருக்கும். விரலால் தேய்த்தால் மஞ்சள்தூள் தொட்ட மாதிரி விரலில் ஒட்டும். மேல் பக்கத்தில் அதே இடம் வெளிறிப்போயிருக்கும். அந்தத் தூள் ஒரு பூஞ்சணத்தின் வித்திகள். 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் அது கண்ணில் பட்டது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கேதான் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இருபது வருஷத்துக்குள் மலை மலையாக நின்ற கோப்பி போய்விட்டது. இடையில் சிங்கோனாவை நட்டார்கள். எல்லோரும் நட்டதில் 1880களில் அதன் விலையும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் தேயிலை மலைகளை மூடியது.

தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும். அதற்கு முன்னால் தோட்டத்துப் பாதையோரங்களில் அவர் நட்டுப் பார்த்த தேயிலை பேராதனையிலிருந்து போனது. இதையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுமையாகும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன்.

பூங்காவில் மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. விஞ்ஞானப் பெயரோடு, அந்த மரத்தின் பூர்வீக நாடும் பல பலகைகளில் இருக்கும். பிள்ளைகளிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, மரத்தின் பெயரையும் அது எங்கேயிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கோயிலில் பார்த்த நாகலிங்க மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வரிசையாக நிற்கிற அரசப் பனைகளின் ஊர் கரீபியன் பக்கம். சாதிக்காயும் கராம்பும் இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவை. இரட்டைத் தேங்காய் சீஷெல்ஸ். கோப்பி எத்தியோப்பியா. வாசனைத் திரவியத் தோட்டத்துக்குப் போனால் கறுவா இந்த நாட்டுக்கே உரியது என்று காட்டலாம்; அதுவும் பட்டியலில் இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்தில் கொப்பி நிறைந்துவிடும்.

நம்முடைய பிள்ளைகள் எங்கேயாவது ஒரு நாள் "நீங்கள் வந்தவர்கள்தானே" என்ற சொல்லைக் கேட்கப்போகிறார்கள். சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். 1948இல் சட்டம் போட்டே அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரின் குடியுரிமையை எடுத்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு நாடுகளும் பங்கு பிரித்தன. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி தீர 2003 வரை போனது. இதையெல்லாம் சுமந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை, கொப்பி நிறைய எழுதியபின் தானாகவே ஒன்றைக் காணும்: கடல் கடந்து வந்து இந்த மண்ணில் வேர்விட்டவற்றை இந்த நாடு தன்னுடைய பெருமையாக உலகத்துக்குக் காட்டுகிறது. தேயிலையை யாரும் வந்த செடி என்று ஒதுக்குவதில்லை. இலங்கைத் தேயிலை என்றுதான் சொல்கிறோம். அதை வளர்த்த மனிதர்களையும் அதே கண்ணால் பார்க்கச் சொல்வதற்கு அந்தப் பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. நாம் மேடை போட்டுச் சொன்னால் பேச்சாகப் போய்விடும். பிள்ளை தன் கையால் எழுதினால் அது அதனுடையதாகிவிடும்.

இதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் முழு நாள் கேட்கிறேன்.

விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் அங்கே வேலை நிறைய இருக்கிறது. ஆற்றோரத்தில் நிற்கும் இராட்சத மூங்கில் நூறு அடி உயரத்தைச் சாதாரணமாகத் தொடும். நல்ல மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரு நாளைக்கு ஓர் அடி வரை வளரும். பிள்ளைகளின் பெட்டியிலிருக்கும் அடிமட்டத்தை எடுத்து மூங்கிலோடு நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் அந்த நீளம் முழுவதும் புதிதாக வந்திருக்கலாம் என்று சொன்னால் ஒரு பிள்ளையும் மறக்காது. ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கணக்கும் பார்க்கலாம். இரட்டைத் தேங்காய் மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. உலகிலேயே பெரிய விதை அதனுடையது, காய் முற்ற ஆறேழு வருஷமாகும். தரம் 1இல் சேர்ந்த பிள்ளை தரம் 7க்குப் போகிற காலம் அது. மரங்களில் பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படும். அவை விதையைக் கொண்டுபோய்ப் பரப்புகின்றன, இரவில் பூக்கிற மரங்களுக்கு மகரந்தத்தைக் கடத்துகின்றன என்று மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் 1961இல் நட்ட மரமும் இருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே தேசிய உலர்தாவரகமும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் பறித்து உலர்த்திய இலைகளை இன்றைக்கும் அங்கே பாதுகாக்கிறார்கள். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட முடியுமா என்று முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு யோசனை. இதை யாராவது செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. சுற்றுலாவுக்குப் பொறுப்பாக ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்துப் பெரியவர்களும் மட்டும் போகாமல், கொழுந்தெடுக்கிற தாய்மார் ஓரிருவரையும் கூட்டிப் போங்கள். சமைக்கவோ பார்சல் பிரிக்கவோ வேண்டாம். ஆசிரியராகக் கூட்டிப் போங்கள். தேயிலையைப் பற்றிப் பேசும் இடம் வந்தால் அந்த அம்மா பேசட்டும். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை முப்பது அடி மரமாகிப் பூத்துக் காய்த்துவிடும், மலையில் இடுப்பளவுக்கு நிற்பது மனிதக் கை வெட்டி வெட்டி நிறுத்திய உயரம் என்பதை அவர் சொல்வதுபோல் நம்மால் சொல்ல முடியாது. கொழுந்தெடுக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பை எங்கே வைப்பது, எந்த இலையை விடுவது, கவ்வாத்துக்குப் பின் செடி எப்போது திரும்பத் துளிர்க்கும், மழை நாளில் அட்டை எப்படி ஏறும், எந்தச் செடி நோய்ப்பட்டது என்று தூரத்திலிருந்தே எப்படித் தெரியும்: இத்தனையும் தாவரவியல்தான். தன் தாய்க்குத் தெரிந்தது இவ்வளவு பெரிய பூங்காவில் மதிக்கப்படுகிற அறிவு என்று பிள்ளை ஒரு நாள் கண்ணால் பார்க்கட்டும். அந்தத் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். சுற்றுலாச் செலவில் அதையும் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் காரணத்தைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் கூட்டிப் போக வேண்டாம். நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஹக்கலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சீதையம்மன் கோயிலுக்குப் போகிற அதே பாதை. சிங்கோனாவின் கதையை அங்கே சொல்லலாம். பேராதனையைத் தரம் 8க்கு மேற்பட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவை விட்டு வரும்போது, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் கலஹா வீதியில் பஸ்ஸை ஒரு தரம் மெதுவாக விடச் சொல்லுங்கள். விவசாய பீடம், விஞ்ஞான பீடம், கலைப் பீடம் எல்லாம் அங்கேதான். தோட்டத்திலிருந்து அங்கே போய்ப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரை அன்றைக்குப் பூங்கா வாசலுக்கு வரச் சொல்லிப் பிள்ளைகளோடு நடக்க வைத்தால் இன்னும் நல்லது.

வலயக் கல்வி அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா அனுமதிக் கடிதத்தில் எத்தனை இடம் பார்க்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரே இடம், கையில் செயல்தாள், முன்னும் பின்னும் வகுப்பில் பாடம் என்று ஒரு பாடசாலை திட்டம் கொடுத்தால் அதற்கு முதலில் கையொப்பம் போடுங்கள். தமிழ்ச் செயல்தாளைத் தயாரிக்கும் வேலையை விஞ்ஞான, வரலாற்று ஆசிரிய ஆலோசகர்கள் சேர்ந்து எடுத்தால், ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியாகக் கஷ்டப்படத் தேவையில்லை.

நாளைத் தெரிவுசெய்யும்போது முதலாம் தவணையைப் பாருங்கள்; பெப்ரவரி, மார்ச்சில் பேராதனைப் பக்கம் மழை குறைவு. எசல பெரஹரா காலத்தில் கண்டி வீதிகளில் நகரவே முடியாது, அதைத் தவிருங்கள். வார இறுதியில் கூட்டம் அதிகம் என்பதால் கிழமை நாளில் போங்கள். தண்ணீர்ப் போத்தல், குடை, பென்சில், அடிமட்டம், கொப்பி ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கட்டும். பஸ்ஸில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் பாட்டைக் கம்பளை வரைக்கும் போடுங்கள். பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக விடுங்கள். செயல்தாள் தேவைப்படுகிற பாடசாலைகளுக்கு நான் எழுதிவைத்திருப்பதைத் தருகிறேன். உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்
நுவரெலியா மாவட்டம்